அன்றாடச் சோறும் அடுப்படி உழைப்பும்

நுழையும்முன்

விருந்தைப் பற்றி எழுதப்பட்டவை பல. வீட்டில் நாள்தோறும் உண்ணும் சோற்றைப் பற்றி எழுதப்பட்டவை சில. ஒரு நிலத்தின் மழை, மண், தொழில், உறவு ஆகியவற்றை அறியத் துணைசெய்வது அந்த அன்றாடச் சோறே. கொங்குநாட்டு வீடுகளில் எளிமையாகச் சமைக்கப்பட்ட உணவுகளையும், அவற்றின் சுவைக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நிலம் வகுத்த உணவு

தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறது. மக்கள் எதை உண்பர் என்பதை அவர்கள் வாழும் நிலமே பெரிதும் முடிவுசெய்கிறது என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. கொங்குநாடு இதற்குத் தக்க சான்றாகும்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் ஆகிய மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் கொண்டது கொங்குநாடு. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மேற்குத்தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், இதன் பெரும்பகுதி மழைமறைவு நிலமாக உள்ளது. பவானி, நொய்யல், அமராவதி, காவிரி ஆகிய ஆறுகளின் பாசனம் பெற்ற இடங்களில் நெல் விளைந்தது. எஞ்சிய மேட்டு நிலங்களில் கம்பு, சோளம், ராகி, சாமை, கொள்ளு, நிலக்கடலை ஆகியன விளைந்தன.

ஆகவே, மேட்டுநில வீடுகளில் நெல்லுச்சோறு அரிதாகவே சமைக்கப்பட்டது. கொங்கு மக்கள் பண்டிகையை 'நோம்பி' என்பர். நோம்பி நாளிலும் விருந்தினர் வந்த நாளிலும் நெல்லுச்சோறு ஆக்கினர். ஒப்புட்டும் கச்சாயமும் செய்தனர். மற்ற நாள்களில் கம்மஞ்சோறும் ராகிக்களியும் சோளச்சோறுமே வட்டலை நிறைத்தன. நெல்லுச்சோற்றுக்காகக் குழந்தைகள் நோம்பியை எதிர்பார்த்திருந்த காலம் அது. அன்று நாள்தோறும் உண்ட கம்மஞ்சோறு இன்று அரிய உணவாகிவிட்டது. அன்று அரிதாக இருந்த நெல்லுச்சோறு அன்றாட உணவாகிவிட்டது.

ஒரு வட்டல் கம்மஞ்சோறு

கம்மஞ்சோறு பார்ப்பதற்கு எளிய உணவு, ஆக்குவதற்கு எளியதன்று. கம்பில் நீர் தெளித்துப் பிசறி, உரலில் இட்டு உலக்கையால் குத்துவர். மேல்தோல் நீங்கியதும் முறத்தில் இட்டுப் புடைத்துத் தவிட்டைப் போக்குவர். மீண்டும் குத்தி நொய்யும் மாவுமாக்குவர். பின்னர், கொதிக்கும் உலையில் இட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே வேகவைப்பர். விறகடுப்பின் புகைக்கு நடுவே நடந்த வேலை இது.

மாலையில் சூடான கம்மஞ்சோற்றுக்குக் கீரையோ பருப்போ துணையாகும். மீந்த சோற்றை உருண்டையாக்கி நீரில் இட்டு வைப்பர். இரவு முழுவதும் அது மெல்லப் புளிக்கும். நன்மை செய்யும் நுண்ணுயிரிகளே இப்புளிப்பை உண்டாக்குகின்றன. காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தையோ மோர்மிளகாயையோ கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டுவேலைக்குச் செல்வர். கொங்கு வழக்கில் 'காடு' என்பது மேட்டுநில வயலையும் குறிக்கும். கொளுத்தும் வெயிலில் ஏர் உழுபவர்க்கும் களை எடுப்பவர்க்கும் அக்கரைசல் உணவாகவும் நீராகவும் பயன்பட்டது.

எளிமையில் அமைந்த நுட்பம்

எளிய உணவு என்பது அறிவின்றி ஆக்கப்பட்ட உணவு என்று பொருள்படாது. கொள்ளு இதற்கு எடுத்துக்காட்டு. நீர் குறைந்த நிலத்திலும் விளையும் பயறு அது. உழவு மாடுகளுக்குத் தீனியாகவும் மனிதர்க்கு உணவாகவும் அமைந்தது. வேகவைத்த கொள்ளின் நீரை வடித்து மிளகு, சீரகம், பூண்டு, புளி சேர்த்து ரசமாக்குவர். வெந்த கொள்ளை ஆட்டுக்கல்லில் ஆட்டியோ சட்டியில் கடைந்தோ பருப்பாக்குவர். ஒரு பிடிப் பயற்றில் இரண்டு உணவுகள் கிடைத்தன. வெந்த நீரும் வீணாகவில்லை.

கோவை வட்டாரத்தின் அடையாளமாகச் சொல்லப்படும் அரிசிம்பருப்பும் இத்தகையதே. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் சேர்த்து வேகவைப்பர். அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பின் புரதத்தில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவுசெய்கிறது. அறிவியல் இதை விளக்குவதற்கு முன்பே அடுப்படி அதைப் பழக்கத்தில் கண்டிருந்தது. தனியே குழம்பு வைக்க நேரமில்லாத நாள்களில், ஒரே பாத்திரத்தில் ஆக்கிய இச்சோறு குடும்பத்தின் பசியைத் தீர்த்தது.

கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆலைகள் பெருகியபோது, உண்ணும் நேரத்தை முறைவேலை மாற்றியது. உழவர்க்குக் காட்டுக்குச் சென்ற தூக்குப்போசி, தொழிலாளர்க்கு ஆலைக்கும் சென்றது. முறை எதுவாயினும், தொழிலாளர் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் ஒருவர் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது.

உலக்கை பிடித்த கைகள்

'அந்தக் காலத்துச் சாப்பாட்டின் சுவையே தனி' என்று முதியோர் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். அச்சுவையை நினைத்து ஏங்குவோருள் உண்டவரும் உளர், ஆக்கியவரும் உளர். இருவரின் நினைவும் ஒன்றாக இருப்பதில்லை. உண்டவர்க்கு மோரின் புளிப்பு நினைவுக்கு வரும். ஆக்கியவர்க்கு உலக்கை பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையும் நினைவுக்கு வரும். குத்துதல், புடைத்தல், ஆட்டுதல், நீர் சுமத்தல் ஆகிய பணிகள் பெரும்பாலும் பெண்களின் தோள்களிலேயே இருந்தன. அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பதும் பல வீடுகளில் அவர்களின் வழக்கமாக இருந்தது.

சிறுதானிய உணவு குறைந்ததற்குக் காரணங்கள் பல. 1955ஆம் ஆண்டில் பவானிசாகர் அணை பயன்பாட்டுக்கு வந்தது. பாசனம் பெற்ற நிலங்களில் நெல், மஞ்சள், கரும்பு போன்ற பயிர்கள் பெருகின. நியாயவிலைக் கடைகளில் அரிசி குறைந்த விலைக்குக் கிடைத்தது. இவற்றோடு, குத்திப் புடைக்க வேண்டாத அரிசி பெண்களின் நாளில் சிறிது ஓய்வைத் தந்ததையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அவர்கள் உலக்கையைக் கீழே வைத்ததைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது.

அதே 1955ஆம் ஆண்டில், கோயம்புத்தூரைச் சேர்ந்த ப. சபாபதி மின்னாற்றலால் இயங்கும் மாவரைக்கும் எந்திரத்தை உருவாக்கினார். 'வெட் கிரைண்டர்' என்று அனைவரும் அழைக்கும் அவ்வெந்திரம், ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து குழவியைச் சுற்றிய நெடுநேர உழைப்பைக் குறைத்தது. கோவை வெட் கிரைண்டர் பின்னர்ப் புவிசார் குறியீடும் பெற்றது. கல்லால் அரைபடும் மாவின் பதத்தைக் கைவிடாமல் கையின் வலியை மட்டும் குறைத்ததே அதன் சிறப்பு. பழைய சுவையைக் காக்கப் பழைய துன்பத்தையும் காக்க வேண்டியதில்லை என்பதை அவ்வெந்திரம் மெய்ப்பித்தது.

இனிது என்னும் ஒரு சொல்

குறுந்தொகையின் 167ஆம் பாடலைப் பாடியவர் கூடலூர் கிழார். புதிதாக மணமான தலைவி, தயிரைப் பிசைந்த விரல்களை ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படிய, தானே புளிக்குழம்பு ஆக்குகிறாள். அதனைத் தலைவன் இனிதென உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அப்பாடலில் உணவு மட்டும் பேசப்படவில்லை. அழுக்கான ஆடையும் புகைபட்ட கண்ணும் பேசப்படுகின்றன. ஆக்கியவரின் உழைப்பைக் கண்டு சொல்லும் பாராட்டின் அருமையைச் சங்கப் புலவர் உணர்ந்திருந்தார்.

இன்று பாராட்டோடு பங்கேற்பும் வேண்டும். அதற்கும் கொங்குநாட்டு அடுப்படியில் ஒரு வழக்கம் உண்டு. ஊறவைத்த அரிசியை அரைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சில் இட்டுப் பிழிந்து எடுப்பது சந்தகை. ஒருவர் வெந்ததை எடுத்து அச்சில் இடுவார். மற்றொருவர் வலுக்கொடுத்துப் பிழிவார். பிள்ளைகள் தட்டை ஏந்தி நிற்பர். சூடு ஆறினால் பிழிவது கடினமாகிவிடும் என்பதால், ஒருவர் தனியே செய்வதைவிடப் பலர் கூடிச் செய்வதே எளிது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து அனைவரும் அதனை உண்பர்.

2023ஆம் ஆண்டைச் சிறுதானியங்களின் பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்துக் கொண்டாடியது. கம்பும் ராகியும் மீண்டும் நம் வீடுகளுக்குத் திரும்பி வருகின்றன. அவை நிலைத்திருப்பது உண்பவரின் ஏக்கத்தால் மட்டும் இயலாது. சந்தகை பிழிவதுபோல், வீட்டிலுள்ள அனைவரும் அடுப்படியில் கைகொடுக்கும்போதே அன்றாடச் சோறு அனைவர்க்கும் இனிதாகும்.

தெரியுமா?

* சமையலுக்குரிய மிளகு, சீரகம், மல்லி முதலிய பொருள்களைக் கொங்கு வழக்கில் 'செலவு' என்பர். அவற்றைச் சேர்த்து வைக்கும் ரசம் 'செலவு ரசம்' எனப்படுகிறது.
* தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிடும் கம்பு, சோளம் முதலிய பயிர் வகைகள் சிலவற்றின் பெயரில் உள்ள 'கோ' என்னும் எழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டு முதியோர் ஒருவரிடம் அவர் இளமையில் உண்ட அன்றாட உணவைப் பற்றிக் கேட்டறிக. அதனை ஆக்கியவர் யார், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவற்றையும் குறித்து வருக.
2. உங்கள் பகுதியில் வழங்கும் உணவு, சமையற்கருவி ஆகியவற்றின் வட்டாரப் பெயர்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.
3. ஒரு நாள் உணவுக்காக உங்கள் வீட்டில் நடைபெறும் வேலைகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் நீங்கள் ஏற்கக்கூடியவற்றை வகுப்பறையில் கலந்துரையாடுக.