துக்கம் கேட்கப் போனால் என்ன பேசுவது?

விக்கிரமங்கலம் பக்கம் ஒரு சாவு என்றால், யார் எப்போது போவது, மாலை யார் வாங்குவது என்பதற்கெல்லாம் ஊருக்குள் ஒரு முறை இருக்கிறது. சொந்தக்காரர்களுக்குக் குழப்பம் வராது. கூட வேலை பார்ப்பவர்கள்தான் தயங்கி நிற்கிறார்கள். அரியலூர் சிமென்ட் ஆலைக்கு ஷிப்ட் போகிறவரானாலும் பள்ளிக்கூட ஆசிரியரானாலும் இதே கதைதான். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் சில தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன.

“ஆறுதலாக நாலு வார்த்தை பேசத் தெரியாதவர் போகாமலிருப்பதே நல்லது.”

நம் வழக்கத்தில் பேச்சுக்கு இடமே குறைவு. பந்தலுக்குள் நுழைபவரை யாரும் ‘வாங்க’ என்பதில்லை. கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்வதுமில்லை. கையை நீட்டுகிறோம், துக்கக்காரர் தொடுகிறார், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறோம். அது போதும். வயதானவர் இறந்தால் ஊர் ‘கல்யாணச் சாவு’ என்று சொல்லிக்கொள்ளலாம். பெற்ற பிள்ளையிடம் போய் அதைச் சொல்லாதீர்கள்.

“மேலதிகாரி வீட்டுத் துக்கத்துக்குப் போனால் காக்காய் பிடிப்பதாகப் பேசுவார்கள்.”

தலைமையாசிரியருக்கும் மேனேஜருக்கும் அம்மா ஒருத்திதான். தனியாகப் போகக் கூச்சமென்றால் நாலு பேராகப் போங்கள். லீவு, டிரான்ஸ்பர் பேச்சை மட்டும் அங்கே எடுக்க வேண்டாம்.

“வேலைக்குத் திரும்பியவரிடம் இறந்தவரைப் பற்றிப் பேசக் கூடாது, அழுதுவிடுவார்.”

இருப்பதிலேயே அதிகம் காயப்படுத்துவது இந்த நம்பிக்கைதான். அப்பாவின் கருமாதி முடிந்து மொட்டைத் தலையோடு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வருகிறார். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கிவிடுகிறார்கள். ஒருவர் செல்போனை எடுத்துப் பார்க்கிறார், இன்னொருவர் டீ குடிக்கக் கிளம்புகிறார். வாட்ஸ்அப் குழுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டவர்கள்தான் எல்லோரும். நாம் சொல்லித்தானா அவருக்கு அப்பா ஞாபகம் வரப்போகிறது? அவர் நினைப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. “உங்கப்பா அந்த வருசம் எங்க எல்லாருக்கும் கொல்லையிலருந்து முந்திரிக்கொட்டை குடுத்து விட்டாரே சார்” என்று ஒருவர் சொன்னால், அப்பாவைத் தெரிந்த ஆள் இங்கேயும் இருக்கிறார் என்று அவருக்குத் தோன்றும். கண் கலங்கினால் கலங்கட்டும். பக்கத்தில் இருங்கள்.

“பதினாறு முடிந்தால் சரியாகிவிடும்.”

பதினாறு என்பது சடங்குக்கான கணக்கு. படித்தவர்கள் இதையே ‘துக்கத்தின் ஐந்து நிலைகள்’ என்பார்கள். 1969இல் எலிசபெத் குப்ளர்-ராஸ் அந்த நிலைகளை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான். இழந்தவர்களுக்கு அதைப் பொருத்தியது பிற்பாடு. யாருடைய துக்கமும் வரிசைப்படி வந்து போவதில்லை. முதல் பொங்கலும் முதல் திதியும் வரும்போது துக்கப்பட்டவரை மறந்துவிடாதீர்கள்.

“எதுனாலும் சொல்லுங்க என்று சொல்லிவிட்டால் உதவி செய்ததாகிவிடும்.”

அவர் கேட்க மாட்டார். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாமதமானால் அலைச்சல் கூடும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் வரை போக வேண்டும். இறந்தவர் உங்கள் சக ஊழியரே என்றால், ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்கு ஈமச்சடங்குச் செலவாக 15,000 ரூபாய் வரை கிடைக்கும். அரசு ஊழியர் என்றால் கருணை அடிப்படை வேலைக்கு 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். விண்ணப்பத்தை நீங்களே வாங்கி, நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் கொண்டு போங்கள். துக்கத்தில் இருப்பவருக்கு ஷிப்ட் வேலை என்றால், அவருடைய நைட் ஷிப்டை நான் பார்க்கிறேன் என்று முதலில் சூப்பர்வைசரிடம் பேசி முடித்துவிட்டு, அப்புறம் அவரிடம் சொல்லுங்கள்.