போகிப் புகையைத் தெருவாகச் சேர்ந்து குறைக்க

சென்னையில் போகி விடியும்போது பல தெருக்களில் எதிர்வீடு தெரிவதில்லை. மார்கழிக் கடைசியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே எழாமல் நிற்கும், பனியும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் கொளுத்தும் புகை நாம் மூச்சு விடும் உயரத்திலேயே தங்கிவிடுகிறது. மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போன போகிகளும் உண்டு. நாம் கொளுத்தாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் புகை உள்ளே வரத்தான் செய்யும். அதனால் இவை தெருவே கூடிச் செய்யவேண்டிய வேலைகள்.

1. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதே பழையதைப் பிரித்துவிடுங்கள். உடுத்தக்கூடிய துணியைத் துவைத்து மடித்துத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுங்கள். கிழிந்த பருத்தித் துணி மெக்கானிக் கடையில் கை துடைக்க உதவும். இரும்பு, பிளாஸ்டிக், ஒயர் எல்லாம் பழைய பேப்பர்காரருக்கு. மீதமாகும் பாய், துணி, டயர் போன்றவற்றைப் போகிக்கு முந்தைய சில நாட்களில் சென்னை மாநகராட்சி சமீப ஆண்டுகளாகத் தனியாகவே வாங்கிக்கொள்கிறது. எந்த நாளில் என்று தூய்மைப் பணியாளரிடம் முன்பே கேட்டு, தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

2. எல்லாவற்றிலும் மோசம் டயர். அதன் கரும்புகையில் கந்தக டை ஆக்சைடும், புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் இருக்கின்றன. பையன்கள் பல நாட்களாகவே டயர் சேர்த்து ஒளித்து வைப்பார்கள். பஞ்சர் கடைக்காரரிடம் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் நேரில் போய், "பிள்ளைங்க கேட்டா டயர் கொடுக்காதீங்கண்ணே" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார். பையன்களுக்கு ஆளுக்கொரு போகி மேளம் வாங்கிக் கொடுங்கள். விடியற்காலையில் எழுந்து தெருவெல்லாம் கொட்டித் திரிவதுதான் அவர்களுக்குப் பண்டிகை; அதைப் பிடுங்க வேண்டாம்.

3. பிவிசி குழாய், ரெக்சின் பை, ஃபோம் மெத்தை, நைலான் புடவை, பெயின்ட் அடித்த மரம் எதையும் தீயில் போடாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வெளிவரும்.

4. சடங்குக்குத் தீ வேண்டும் என்பவர்கள் தெருவுக்கு ஒன்றே ஒன்று, சிறியதாக மூட்டுங்கள். காய்ந்த ஓலை, பழைய கோரைப்பாய், வறட்டி போதும். ஈரமாக இருந்தால் புகைதான் மிஞ்சும். மரத்தடி, டிரான்ஸ்பார்மர் பக்கம், இழுப்பு நோயாளி இருக்கும் வீட்டு வாசல் இவற்றைத் தவிருங்கள். வெயில் ஏறியபின் மூட்டினால் புகை மேலெழுந்து கலைந்துவிடும். இதற்கு வீட்டுப் பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பது கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் பேசிப் பாருங்கள்.

5. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் முந்தின இரவே ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா பாருங்கள். வெளியே போனால் என்95 முகக்கவசம்; கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. அன்று சாம்பிராணி, கொசுவர்த்தி வேண்டாம். ஒரு சுருள் எரிந்து தீரும்போது வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. புகை கலைந்ததும் ஜன்னலைத் திறந்து, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

6. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் போகிக்கு முந்தின நாள், போகியன்று, மறுநாள் என மூன்று நாளும் காற்றுத் தரக் குறியீட்டைக் குறித்து வையுங்கள். 100-க்குள் இருந்தால் பரவாயில்லை. 200-ஐத் தாண்டினால் மோசம். அடுத்த வருடம் குடியிருப்போர் கூட்டத்தில் பேச இந்த எண்கள் கைகொடுக்கும்.

7. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது திடக்கழிவு விதிகளின்படி குற்றம். 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதமும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்கச் சொன்னது. முதலில் பக்குவமாகச் சொல்லுங்கள்; கேட்காவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

8. போகி முடிந்தாலும் தெருமுனையில் சருகு எரிவது நிற்காது. பெருக்குகிறவர்களைத் திட்டிப் பயனில்லை, சருகு கொட்ட அவர்களுக்கு இடமே இருப்பதில்லை. குடியிருப்பின் ஒரு மூலையில் கம்பி வலையை வட்டமாக நிறுத்தி இடம் ஒதுக்கிக் கொடுங்கள். சருகைப் போட்டு, அவ்வப்போது சாணக்கரைசலோ புளித்த மோரோ தெளித்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் மட்கி உரமாகிவிடும். சலித்து எடுத்து மாடித் தொட்டிகளுக்குப் போடலாம். சலிப்பதில் தங்கும் சருகை மறுபடி வலைக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.