கையால் சுழற்றும் துளை யந்திரத்தைச் செப்பனிடும் முறை

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய கடலோரப் பகுதிகளில், கையால் சுழற்றித் துளைபோடும் பழைய யந்திரங்கள் பட்டறை மூலைகளில் துருவேறிக் கிடப்பதுண்டு. மின்சார யந்திரம் இருக்க இது எதற்கென்று சிலர் அதனை எடைக்கு விற்றுவிட்டு, பின்னர் புதுக்கருவி வாங்கக் கடன் தேடுகின்றனர். வார்ப்பிரும்பு உடையாதிருக்குமாயின், அத்தகைய யந்திரத்தைச் சில நாள் உழைப்பினால் மீட்டுவிடலாம்.

அமைப்பும் பயனும்: இது தூணிலோ சுவரிலோ பொருத்தப்படுவது. கைப்பிடியைச் சுழற்றினால் பற்சக்கரங்கள் நடுத்தண்டைத் திருப்பும். கனத்த சக்கரம் சுழற்சியைச் சீராக்கும். சிறு கொக்கியொன்று சுற்றுதோறும் தண்டைச் சிறிது கீழிறக்கும். ஆதலால் ஒருவரே வேலை செய்யக்கூடும். வேகம் குறைவாகையால், கனத்த தகட்டில் பெரிய துளையிடுகையில் அலகு எளிதில் சூடேறாது. புயற்காலத்தில் மின்சாரம் நின்றாலும் வேலை நிற்பதில்லை.

முதலில் சோதிக்க வேண்டியவை: சட்டத்தில் வெடிப்பு உண்டா, சக்கரப் பற்கள் உடைந்துள்ளனவா, தண்டு வளைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சட்டமே பிளந்திருப்பின் பணம் செலவிடாதிருப்பதே நலம்.

உப்பே பெரும் பகை: கடற்காற்றில் வந்து படியும் உப்பு ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். அதன்மேல் எண்ணெய் பூசினால் அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே உறுப்புகளைக் கழற்றியதும் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, உடனே துடைத்து, வெயிலில் நன்கு உலர்த்துக. எண்ணெய் அதன் பின்னரே.

செய்முறை:

1. கழற்றுமுன் ஒவ்வோர் உறுப்பின் இடத்தையும் படம் வரைந்து குறித்துக்கொள்க.

2. இறுகிய மறைகளில் மண்ணெண்ணெயும் யந்திர எண்ணெயும் கலந்து விட்டு, இரண்டொரு நாள் பொறுத்திருக்க. வார்ப்பிரும்பைச் சம்மட்டியால் அடிக்கலாகாது. அது வளையாது, உடையும்.

3. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்துச் சுரண்டுக. குழந்தைகளை அருகில் விடாதீர்.

4. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க. தண்டு சுழலும் இடங்களை அரத்தால் ராவுதல் கூடாது. இடைவெளி அகன்றால் துளை கோணும்.

5. எண்ணெய்த் துவாரங்களைக் கம்பியால் குத்தித் திறக்க. இவை அடைபட்டிருந்தால் தண்டும் அதன் துவாரமும் விரைவில் தேயும்.

6. பூட்டியபின் வெறுமனே சுழற்றிப் பார்த்து, பிறகு மெல்லிய தகட்டில் துளையிட்டுச் சோதிக்க. விரலும் தளர்ந்த ஆடையும் பற்சக்கரங்களுக்கு எட்டாதிருக்கட்டும்.

அலகு வாங்குகையில் தண்டின் துவாரத்தை அளந்துகொள்க. இவ்வகைப் பழைய யந்திரங்கள் பலவற்றுக்கு அரை அங்குல அடித்தண்டுள்ள அலகே பொருந்தும்.

கூட்டுறவு யோசனை: 1904-ஆம் வருஷத்துச் சட்டம் கடன் சங்கங்களையே கருதிற்று, 1912-ஆம் வருஷத்துச் சட்டம் ஏனைய சங்கங்களுக்கும் இடமளித்தது. அவ்வழியை ஒட்டி, அண்டைப் பட்டறைக்காரர் ஐந்தாறு பேர் சேர்ந்து அலகு, அரம், எண்ணெய் ஆகியவற்றை மொத்தமாக வாங்கலாம். செப்பனிட்ட யந்திரத்தை முறைவைத்தும் உபயோகிக்கலாம். யார் எண்ணெய் விடுவது, அலகு முறிந்தால் யார் ஈடு செய்வது என்பனவற்றை முன்னரே எழுதி வைத்துக்கொள்வது அவசியம். கணக்கில்லாத கூட்டில் கருவியும் கெடும், சிநேகமும் கெடும்.

கடன் மனுவில் கையொப்பமிடுமுன், பட்டறையின் மூலையை ஒருமுறை பாருங்கள்.