வரிசை மாற்றமும் தனித்துவக் கட்டுப்பாடும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்னும் ஒழுங்கில் நிலையங்கள் அமைந்துள்ளன. தரவுத்தள அட்டவணையில் வடலூருக்கு 1, குறிஞ்சிப்பாடிக்கு 2 எனப் பிழையாகப் பதிந்துவிட்டதாகக் கொள்வோம். வரிசையெண் நிரலில் ஓர் எண் இருமுறை வரலாகாது என்பது தனித்துவக் கட்டுப்பாடு. குறிஞ்சிப்பாடிக்கு 1 வழங்க முனைந்தால், அவ்வெண்ணை வடலூர் இன்னும் விடவில்லையாதலால் மாற்றம் மறுக்கப்படும். நாம் விரும்பும் இறுதி நிலையில் பிழையேதுமில்லை, இடைநிலையில்தான் மோதல்.

எனவே, முதலில் வடலூரை எந்நிலையத்திற்கும் உரியதல்லாத −1க்கு மாற்றுக. பின்பு குறிஞ்சிப்பாடிக்கு 1, வடலூருக்கு 2 வழங்குக. முழுதும் நிறைவேறும் அல்லது முழுதும் கைவிடப்படும் ஒரே பரிவர்த்தனைக்குள் இம்மூன்று படிகளும் அமைதல் வேண்டும். இன்றேல், இடையில் மின்தடை நேரின் (அனல்மின் நிலையங்கள் சூழ்ந்த நெய்வேலிக்கு அருகிலும் அது நேரலாம்!) வடலூர் −1இலேயே நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் மென்பொருளில், தள்ளிவைக்கத்தக்கது எனக் கட்டுப்பாட்டை முன்பே அறிவித்திருந்தால், சோதனையைப் பரிவர்த்தனையின் இறுதிவரை ஒத்திவைக்கலாம். அங்கு −1 தேவையில்லை.