உப்பும் கடுகும் உறைமோரும்

திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு பிறந்த ஒரு சிறுவன் 1896-இல், தன் எட்டாவது வயதில், திருப்பதியில் இருந்த ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்க்கப்பட்டான். ஊருக்கு மேலே ஏழுமலை, வீதியில் கோவிந்த நாமம் முழங்கிச் செல்லும் யாத்திரிகர் கூட்டம், வகுப்பறையிலோ பைபிள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வேலூர் ஊரீஸ் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று அவனது கல்வி கிறிஸ்தவ நிறுவனங்களிலேயே தொடர்ந்தது. அந்தச் சிறுவனே பிற்காலத்தில் தத்துவப் பேராசிரியராகவும் பாரதக் குடியரசின் தலைவராகவும் விளங்கிய டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

1937-இல் வெளியான, தம் சத்தியத் தேடலைப் பற்றிய கட்டுரையில் அவர் இரண்டு செய்திகளைப் பதிவு செய்கிறார். அந்தக் கல்விக்கூடங்களில் புதிய ஏற்பாட்டின் போதனைகள் தமக்கு நன்கு பழக்கமாயின என்பது ஒன்று. ஹிந்து நம்பிக்கைகளின்மீது மிஷனரிகள் தொடுத்த கண்டனங்களும் கூடவே பழக்கமாயின என்பது மற்றொன்று. சுவாமி விவேகானந்தரால் தம்முள் தூண்டப்பட்ட பெருமித உணர்வு அக்கண்டனங்களால் ஆழமாகப் புண்பட்டது என்றும் அவர் கூறுகிறார். ஒரே வகுப்பறையில் அவருக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒன்று நூலில் இருந்தது. மற்றொன்று கற்பித்தவர்களின் மனப்பான்மையில் இருந்தது.

ஒரு வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு வேதநூலை எப்படிக் கற்பிப்பது? வேதநூல் எதுவாயினும் இந்தக் கேள்வி உண்டு. பைபிளைப் பொறுத்தவரை, விடைக்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஏசுநாதர் கையாண்ட முறையே அதற்கு விடை.

சமையலறையிலிருந்து வந்த உபதேசம்

அவரது உபதேசங்களில் வரும் பொருள்களைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். உப்பு, விளக்கு, கடுகு, புளித்த மாவு, வலை, பழைய ஆடையில் போட்ட ஒட்டு, தொலைந்துபோன வெள்ளிக்காசு, துடைப்பம். பண்டிதர்களுக்கு மட்டும் உரிய பொருள் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. கேட்டவர்கள் மீனவரும் உழவரும் வீட்டைப் பெருக்கி மெழுகும் பெண்களுமே. வீட்டிற்குத் திரும்பியதும் அவர்கள் கண்ணில் அதே பொருள்கள் மீண்டும் பட்டிருக்கும். உபதேசமும் கூடவே நினைவுக்கு வந்திருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்களும் இந்த நுட்பத்தை உணர்ந்திருந்தனர். விளக்கை ஏற்றி அதன்மீது எதையும் கவிழ்த்து வைக்கமாட்டார்கள் என்ற உவமையில், மூலத்தில் இருப்பது ரோமானிய தானிய அளவை. பழைய தமிழ் பைபிள் அதை 'மரக்கால்' என்றது. தெலுங்கு பைபிள் 'குஞ்சமு' என்றது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூர்ப் பகுதியில், நெல் அளக்கும் அந்த அளவை எந்த வீட்டு மூலையிலும் இருந்திருக்கும். ரோமாபுரி அளவையின் பெயர் அந்தக் குழந்தைக்கு எதற்கு?

ஆயினும் ஓரிடத்தில் மொழிபெயர்ப்பு சற்றே சறுக்கியிருக்கிறது. ஒரு பெண் சிறிது புளித்த மாவை 'மூன்று படி' மாவில் அடக்கி வைத்தாள் என்று தமிழில் வாசிக்கிறோம். மூலத்திலுள்ள அளவு ஏறத்தாழ 40 லிட்டர். நூறு பேருக்கு அப்பம் சுடப் போதுமானது! சிறிதளவு புளிப்பு அத்தனை மாவையும் பொங்கச் செய்தது என்ற வியப்பு, படிக்கணக்கில் சுருங்கிவிட்டது. ஆசிரியர் ஒரு பெரிய அண்டாவைக் காட்டினால் போதும், அந்த வியப்பு திரும்பி வந்துவிடும்.

செய்பவன் குழந்தை

ஒரு பொருளைக் கையில் கொடுத்து, பார்க்கவும் தொடவும் செய்து, அதன்பின் கருத்துக்குச் செல்ல வேண்டும் என்று ஐரோப்பாவில் வலியுறுத்தியவர் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலாட்ஸி (1746–1827). அவர் வழி வந்த 'பொருட்பாடம்' 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பள்ளிகளுக்குப் பரவியது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளும் அதை ஏற்றுக்கொண்டன. ஆனால் காலப்போக்கில் பல இடங்களில் அது ஒரு வித்தையாகத் தேய்ந்தது. ஒரு கண்ணாடிக் குவளையிலுள்ள திரவத்தில் வேறொன்றை ஊற்றி நிறத்தை மாற்றிக் காட்டி, 'பாவம் இவ்வாறு நீங்கும்' என்பார் ஆசிரியர். குழந்தைகள் கைதட்டுவார்கள். வீட்டிற்குச் சென்றபின் அவர்களுக்கு நினைவில் நிற்பது வித்தைதான். அந்தத் திரவம் அவர்கள் வீட்டில் கிடையாது.

இதற்கு நேர்மாறானது உறைமோர். பால்வளம் மிக்க சித்தூர்ச் சீமையில் அதை அறியாத குழந்தை இல்லை. காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி உறைமோரைக் குழந்தையே விடட்டும். பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு இரவு முழுவதும் அதைத் தொடாமல் இருக்கட்டும். அந்தக் காத்திருப்பு குழந்தைக்கு எளிதன்று. பாடத்தின் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. புளித்த மாவின் உவமையை மறுநாள் காலையில் சொன்னால் போதும். பாலை அசைக்காமல் தனியிடத்தில் வைத்தால்தான் தயிர் உறையும் என்று ஸ்ரீராமகிருஷ்ணரும் தம் பக்தர்களுக்குக் கூறியிருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

கடுகையும் இவ்வாறே கற்பிக்கலாம். தாளிக்கும்போது வெடிக்கும் பொருளாகவே இன்றைய குழந்தைகள் பலர் அதை அறிவார்கள். கொட்டாங்குச்சியில் ஈரமண் நிரப்பி நான்கு கடுகை விதைக்கச் செய்தால், சில நாட்களில் முளை தெரியும். விதை இவ்வளவு, செடி இவ்வளவு என்பதை அதன்பின் ஆசிரியர் விளக்க வேண்டியதில்லை.

குழந்தையே செய்ய வேண்டும் என்ற இந்த நியதி பாரதத்திற்குப் புதியதன்று. சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவிடம், ஆலம்பழத்தைக் கொண்டுவா, பிளந்துபார், விதையையும் பிளந்துபார் என்கிறார். 'ஒன்றும் தெரியவில்லை' என்கிறான் மகன். அந்தத் தெரியாத நுண்பொருளிலிருந்தே இந்தப் பெரிய ஆலமரம் நிற்கிறது என்கிறார் தந்தை. பின்னர் உப்பை நீரில் இடச்செய்து, மறுநாள் காலையில் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் பருகிப் பார்க்கச் செய்கிறார். சுவேதகேது அப்போது குழந்தையல்ல. 12 ஆண்டுகள் குருகுலத்தில் பயின்று 24 வயதில் செருக்கோடு திரும்பியவன். நூல்கள் அகற்றாத செருக்கை ஒரு பிடி உப்பைக் கொண்டு அகற்ற முயல்கிறார் தந்தை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உப்பு இங்கும் உள்ளது, அங்கும் உள்ளது. ஆகவே இரண்டும் ஒரே உபதேசம் என்று அவசரப்பட்டுக் கூறிவிடலாகாது. உத்தாலகரின் உப்பு, எங்கும் பரவி நின்றும் கண்ணுக்குப் புலனாகாத மெய்ப்பொருளைக் காட்டுகிறது. ஏசுநாதரின் உப்போ சீடனின் தன்மையைக் குறிக்கிறது. அது சாரமற்றுப் போகக்கூடாது என்பதே அங்கே கவலை. அவ்வாறே ஆலம்விதை மறைந்திருப்பதைப் பற்றியது, கடுகு வளர்வதைப் பற்றியது. பொருள் ஒன்றாயினும் பாடம் வேறு. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர் இரு நூல்களுக்கும் மரியாதை செய்தவராகிறார்.

பக்குவப்பட்ட துணி

திருப்பதிக்கு அருகிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி ஓவியர்கள் ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் துணியில் தீட்டி வருகிறார்கள். ஏசுநாதரின் வாழ்க்கையும் அதே மூங்கில் எழுதுகோலால், அதே வண்ணங்களால் அங்கு தீட்டப்பட்டுள்ளது. அவர்களது கறுப்பு மை, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து எடுப்பது. வெறும் துணியில் இட்டால் அது கறுப்பாகாது. துணியை முன்னதாகவே கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தியிருக்க வேண்டும். அந்தக் கடுக்காய்ச் சத்தோடு சேர்ந்த பிறகே கோடு கருமையாகத் தெளிகிறது. பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாமல் தடுக்கிறது.

வகுப்பறைக்கு வரும் குழந்தையும் வெறும் துணியாக வருவதில்லை. பாட்டி சொன்ன கதை, வாசலில் இட்ட கோலம், மாலையில் ஏற்றிய விளக்கு ஆகியவற்றில் தோய்ந்தே வருகிறது. விளக்கைக் கையிலெடுத்து ஏசுநாதரின் உவமையைச் சொல்லும் ஆசிரியர், அக்குழந்தையின் வீட்டு விளக்கையே கடன் வாங்குகிறார். குழந்தை வியப்போடு கேட்பதும், வீட்டில் அந்தச் சுடரை அது முன்பே வணங்கியிருப்பதால்தான். அடுத்த நிமிடமே அந்த வீட்டின் வழிபாட்டை அவர் இகழ்ந்தால், தம் மை பற்றுவதற்குக் காரணமான கடுக்காயையே கழுவி ஊற்றியவராகிறார்.

திருப்பதியில் பயின்ற சிறுவன் புண்பட்டும் கசந்துவிடவில்லை. அந்தக் கண்டனங்களே அவரைத் தம் சமயத்தை ஆராயத் தூண்டின. 1926-இல் ஆக்ஸ்போர்டில் ஹிந்து வாழ்க்கை நோக்கைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய அவர், புதிய ஏற்பாட்டையும் கடைசிவரை மதிப்போடு கையாண்டார். ஆனால் எல்லாக் குழந்தைகளும் ராதாகிருஷ்ணன் ஆவதில்லை. இகழ்ச்சியைக் கேட்ட பலர் இரண்டு வீடுகளையுமே இழந்திருக்கக்கூடும். அவர்கள் கட்டுரை எழுதி வைக்கவில்லை.

ஆசிரியர் இன்னொன்றையும் உத்தாலகரிடமிருந்து பெறலாம். ஆலம்விதையைக் காட்டிய பின் அவர் பாடத்தை முடித்துவிடவில்லை. 'இன்னும் விளங்கச் செய்யுங்கள், பகவானே' என்று மகன் கேட்டான். 'அப்படியே ஆகட்டும், அன்புக்குரியவனே' என்று சொல்லி, உப்பைக் கொண்டுவரச் சொன்னார் தந்தை.