மடிக்கணினியில் பயாஸ் பூட்டு: வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிம்மக்கல், யானைக்கல், கீழமாசி வீதி வட்டாரத்தில் பல கடைகளில் இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மடிக்கணினி இருக்கிறது. அது எப்போதும் புதிதாக வாங்கியதாக இருப்பதில்லை. கைமாறி வந்ததாக இருக்கும். அல்லது வீட்டுப் பிள்ளை பள்ளியில் பெற்றுவந்ததாக இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இயந்திரங்கள் லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்றன. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பில் போடும் மென்பொருளுக்காக அதை அழித்துவிட்டு வேறு விண்டோஸ் ஏற்ற முனையும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது. பென் டிரைவ் வழியாக இயந்திரத்தைத் தொடங்கப் பயாஸ் பக்கம் போனால் அது கடவுச்சொல் கேட்கிறது. அல்லது பக்கம் திறக்கிறது, ஆனால் வரிகள் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டு மாற்ற விடுவதில்லை. உடனே "போர்டு மாற்ற வேண்டும்" என்ற பேச்சு வந்துவிடும். அதற்குத் தலையாட்டும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பயாஸ் என்பது மின்சாரம் வந்தவுடன் முதலில் எழுந்திருக்கும் சிறு நிரல். தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் அது இருக்கிறது. விசைப்பலகை, நினைவகம், வட்டு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, விண்டோஸை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கடைக்கு முதல் ஆளாக வந்து ஷட்டரைத் தூக்கிவிடும் பையனைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரேடும் பில்களும் பயாஸில் இல்லை. அவை வட்டில் இருக்கின்றன. ஆகவே பயாஸ் பூட்டியிருந்தாலும் விண்டோஸ் வழக்கம்போல் திறக்கிறதென்றால் கணக்குக்கு ஆபத்து எதுவுமில்லை. முதல் வேலையாக எல்லாவற்றையும் வெளி வட்டில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு நிதானமாகப் பூட்டைப் பார்க்கலாம்.

முதலில் அது உண்மையிலேயே பூட்டுதானா? 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஷட் டவுன் கொடுத்தாலும் இயந்திரம் முழுமையாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. மறுபடி போடும்போது பயாஸ் விசையைக் கவனிக்காமலே அது விண்டோஸுக்குப் போய்விடும். ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். ஏசர், ஆசஸ், டெல் என்றால் எஃப்2, ஹெச்.பி.யில் எஃப்10, லெனோவோவின் சிறிய மாடல்களில் எஃப்2 அல்லது ஓரத்தில் ஊசித்துளைக்குள் இருக்கும் நோவோ பொத்தான். சில மாடல்களில் எஃப்.என். விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

அடுத்து, பூட்டு இல்லாமலே சாம்பல் நிறத்தில் நிற்கும் வரிகள். இதில் ஏசர் மாடல்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் செக்யூர் பூட் என்ற வரியை மாற்ற வேண்டுமானால், முதலில் நாமே ஒரு சூப்பர்வைசர் கடவுச்சொல் வைத்தாக வேண்டும். வைத்த பிறகே அந்த வரி அசையும். எஃப்12 தொடக்கப் பட்டியலும் தொடக்கத்தில் முடக்கப்பட்டிருக்கும். முதன்மைப் பக்கத்தில் அதை இயக்க வேண்டும். விண்டோஸ் ஏற்றித் தருபவர் வேலைக்காக ஏதோ ஒரு கடவுச்சொல்லை வைப்பார், வேலை முடிந்ததும் நீக்க மறப்பார். இரண்டு கை மாறி உங்களிடம் வரும்போது அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. கைமாறிய இயந்திரங்களில் உள்ள பூட்டுகளில் இப்படி நேர்ந்தவையும் உண்டு. ஆகவே பழைய சொந்தக்காரரிடமும் கடைசியாகப் பழுது பார்த்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்பது காசில்லாத வைத்தியம்.

கடவுச்சொல்லிலும் வகைகள் உண்டு. யூஸர் கடவுச்சொல் தெரிந்தால் பக்கம் திறக்கும், ஆனால் பல வரிகளைப் பார்க்கத்தான் முடியும். சூப்பர்வைசர் கடவுச்சொல் இருந்தால்தான் எல்லாவற்றையும் மாற்ற முடியும். மூன்றாவது ஹார்டு டிஸ்க் கடவுச்சொல், இதுதான் கொடியது. அந்த வட்டைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டினாலும் அது திறக்காது. இந்த வகைப் பூட்டைக் கடைக் கணினியில் வைக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

"உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும்" என்று சொல்வார்கள். 1984-ல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. காலத்திலிருந்து மேசைக் கணினிகள் தம் அமைப்புகளை பேட்டரியில் உயிர் வாழும் சீமாஸ் நினைவகத்தில் வைத்திருந்தன; அங்கே அந்த வித்தை பலிக்கும். மடிக்கணினிகளில் பெரும்பாலும் சூப்பர்வைசர் கடவுச்சொல், மின்சாரமே இல்லாவிட்டாலும் அழியாத சில்லில் எழுதப்பட்டிருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் தேதிதான் போகும்.

தேதி போவதையும் லேசாக நினைக்க வேண்டாம். சி.ஆர்.2032 வகைச் சிறு செல் தீர்ந்துபோனால், மடிக்கணினியின் பெரிய பேட்டரியும் தளர்ந்திருக்கும் நிலையில், ஒவ்வொரு காலையும் இயந்திரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். பில் தவறான தேதியில் விழும், ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளமும் பாதுகாப்புச் சான்றிதழின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திறக்க மறுக்கும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவருக்கு 20-ஆம் தேதி 3பி படிவம் போடும் நேரத்தில் இப்படி நேர்ந்தால் அலைச்சல்தான். இதற்குப் பயாஸ் பூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. தேவை ஒரு புதிய செல். பல மடிக்கணினிகளில் அது கம்பியோடு கூடியது, அதே வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையான சூப்பர்வைசர் பூட்டுக்கு நேர்வழி, தயாரித்த நிறுவனம்தான். டெல் நிறுவனம் உரிமைச் சான்றைச் சரிபார்த்துவிட்டுப் பல மாடல்களுக்குத் திறவுக் குறியீடு தருகிறது. லெனோவோவின் திங்க்பேடில் மறந்துவிட்டால் தாய்ப்பலகை மாற்றுவதுதான் வழி என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதற்கும் வாங்கிய ரசீது கேட்கும். சில்லைத் தனிக் கருவியில் மாட்டித் திருப்பி எழுதும் தொழில்நுட்பர்களும் உண்டு. அதே சில்லில்தான் இயந்திரத்தின் வரிசை எண்ணும், விண்டோஸ் 8-க்குப் பின் வந்தவற்றில் உரிம எண்ணும் இருக்கின்றன. பழையதை நகல் எடுத்து வைக்காமல் எழுதுபவரிடம் கொடுக்காதீர்கள். இன்னொன்று: பிட்லாக்கர் இயங்கும் இயந்திரத்தில் செக்யூர் பூட்டை மாற்றினால் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லாவிட்டால் வட்டிலிருக்கும் கணக்கை மறந்துவிட வேண்டியதுதான். வேலை தொடங்குமுன் அந்த எண்ணை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லா வழியிலும் ரசீது குறுக்கே வருவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கேதான் வணிகருக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது. திருடுபோன மடிக்கணினியும் பூட்டோடுதான் சந்தைக்கு வரும், மலிவாக வரும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்று வாங்கி வைத்திருப்பவருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ரசீதும் இல்லை, கடவுச்சொல்லும் தெரியாது, பாதி விலை என்றால், நம்பக் காரணம் இல்லை என்று விசாரணையில் வாதிடுவது கடினம். அரசு முத்திரை பதித்த மாணவர் மடிக்கணினி விலைக்கு வந்தாலும் அதைத் தொட வேண்டாம்.

கைமாறிய இயந்திரத்துக்குப் பணம் எண்ணுமுன் விற்பவர் எதிரிலேயே ரீஸ்டார்ட் செய்து பயாஸ் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் சூப்பர்வைசர், யூஸர், ஹார்டு டிஸ்க் மூன்றுக்கும் நேராகக் கடவுச்சொல் இல்லை என்று காட்ட வேண்டும். அடிப்பக்க வரிசை எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பழுது பார்க்கக் கொடுத்துத் திரும்பி வந்த இயந்திரத்தையும் கூலி கொடுக்குமுன் இதேபோல் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கடவுச்சொல் வைத்திருந்தால் அங்கேயே நீக்கச் சொல்லலாம்.