நல்லூர் மரபில் ஓர் அரண்மனை: சிம்ஸ் விளையாட்டில் இராசதானி அமைக்கும் முறை

வில் ரைட் என்பார் 2000-ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த சிம்ஸ் என்னும் கணினி விளையாட்டும், 2014-இல் வந்த அதன் நான்காம் பதிப்பும், காணி வகுத்து, வீடெடுத்து, அதிலே கற்பித மாந்தரைக் குடியிருத்தி, அவர்தம் வாழ்வைத் தலைமுறை தலைமுறையாக நடத்திப் பார்க்கும் வாய்ப்பை அளிப்பதால், அரச வமிசமொன்றைக் கற்பித்து அதற்கோர் அரண்மனையும் எழுப்ப வேண்டுமென்ற ஆசை அதனை ஆடுவோர்க்கு எழுவது இயல்பே. அவ்வாசை எழுந்ததும் பெரும்பாலோர் கைகள் பிரெஞ்சு தேசத்து வெர்சாய் மாளிகையையோ ஆங்கில நாட்டுக் கோட்டைகளையோ நாடிச் செல்கின்றன. விளையாட்டின் பொருட்பட்டியிலே அவற்றுக்குரிய தூண்களும் சரவிளக்குகளும் மலிந்து கிடப்பதே அதற்குக் காரணம். யாழ்ப்பாணத்திலே பிறந்து நல்லூர் வீதிகளில் நடந்து பழகியவர்க்கோ அத்தனை தூரம் போகவேண்டிய அவசியமில்லை.

13-ஆம் நூற்றாண்டு தொடங்கி 1619 வரை இக்குடாநாட்டை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் நல்லூர் அரண்மனை இன்று இல்லை. 1619-இல் பிலிப்பே தெ ஒலிவேரா என்னும் போர்த்துக்கேயத் தளபதி இராச்சியத்தைக் கைப்பற்றினான். ஈராண்டு கழித்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் இடித்துத் தள்ளப்பட்டது. ஆயினும், 18-ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, மதில்களும் வாயில்களும், மாடமாளிகைகளும், பூங்காவும், அதனிடையே ஸ்நான மண்டபமும், யமுனை நதித் தீர்த்தம் கலந்த நீர்நிலையும், நீதிமண்டபமும், யானைப் பந்தியும் குதிரைப் பந்தியும், சேனாவீரர் இருப்பிடமும் கொண்டதாக அந்நகரை வருணிக்கின்றது. ஒரு சிற்பாசாரியின் கையிலே கொடுக்கத்தக்க பட்டியல் இது. இதனை அடிப்படையாகக் கொண்டு, கற்பித வமிசமொன்றுக்கு அரண்மனை அமைக்கும் முறையைப் படிப்படியாக இங்கே கூறுவோம். எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: வாயிலில் வந்து நிற்கும் ஒருவன் அரசனது சமுகத்தை அடைவதற்கு முன் எத்தனை எல்லைகளைக் கடக்கின்றான் என்பதைக் கொண்டே ஓர் அரண்மனை அரண்மனையாகின்றது. பொன்னும் பளிங்கும் அதன் பின்னரே.

முதற் படி: வமிசத்தை நிச்சயித்தல்

சுவர் ஒன்றும் எழுப்புவதற்கு முன்னர், அதனுள் வாழப்போகின்றவர் யாவர் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். விளையாட்டின் இயல்பான விதிப்படி ஒரு குடும்பத்தில் 8 பேர் வரையிலேயே இருக்கலாமாதலால், அரசன், அரசி, இளவரசர் இருவர், முதிய தாய் என ஐவரைக் குறித்துக்கொண்டு, மூன்று இடங்களைப் பின்வரும் தலைமுறைக்கு ஒழித்து வைப்பது விவேகம். பெயரிடும்போது நல்லூர் மன்னரது சம்பிரதாயம் கைகொடுக்கும். அவர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் இரு சிம்மாசனப் பெயர்களை மாறி மாறிச் சூடியவர்கள். நீரும் அவ்வாறே இரண்டு பெயர்களைப் புதிதாகப் படைத்து, பாட்டன் பெயர் பேரனுக்கு வருமாறு ஒழுங்கு செய்யலாம். 10 தலைமுறைகளை நடத்திச் செல்லும் ‘லெகசி சேலஞ்ச்’ என்னும் ஆட்டமுறையைப் பின்பற்றுவோர்க்கு இவ்வொழுங்கு பெரிதும் உதவும்.

காலத்தையும் இப்போதே குறித்துக்கொள்க. போர்த்துக்கேயர் கொன்ஸ்தந்தீனோ தெ பிறகன்சாவின் தலைமையில் நல்லூர்மேல் முதன்முறை படையெடுத்த 1560-க்கு முந்திய அரண்மனையா, பிந்திய அரண்மனையா என்பதைப் பொறுத்தே வளைவுகளும் ஓடுகளும் சாளரங்களும் வேறுபடும்.

இரண்டாம் படி: காணியைப் பகுத்தல்

நான்காம் பதிப்பிலே மிகப் பெரிய காணி 64-க்கு 64 கட்டங்கள் கொண்டது, அதனையே தேர்ந்தெடுக்க. வெறுங் காணியை வாங்கிய பின்னர்க் கையில் மிஞ்சும் பணம் அரண்மனைக்குப் போதாதாகையால், கண்ட்ரோல், ஷிஃப்ட், சி என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி, தோன்றும் பெட்டியிலே ‘மதர்லோட்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், ஒவ்வொரு முறையும் சிமோலியன் என்னும் விளையாட்டுப் பணம் 50,000 கருவூலத்தில் வந்து சேரும்.

தெருப்பக்கத்தைக் கிழக்கென்று பாவித்துக்கொண்டு, அதிலிருந்து உள்நோக்கிக் காணியை ஐந்து பட்டைகளாகப் பிரிக்க: மதிலுக்கும் வாயிலுக்கும் 4 கட்டம், பந்திகளும் வீரர் இருப்பிடமும் அமையும் வெளிமுற்றத்துக்கு 16, நீதிமண்டபமும் கொலுமண்டபமும் அமையும் நடுமுற்றத்துக்கு 16, அரச குடும்பத்தின் உள்மனைக்கு 16, பூங்காவுக்கும் தீர்த்தத்துக்கும் 12. கூட்டினால் 64 ஆகும். வெளியார் முதற் பட்டையோடும், வழக்காளிகள் நடுமுற்றத்தோடும், உற்றார் உள்மனையோடும் நின்றுவிட, பூங்காவை அடையும் உரிமை அரச குடும்பத்துக்கே உரியதாகின்றது.

இங்கே ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. 64 இரட்டைப்படை எண்ணாதலால் காணியின் நடு ஒரு கட்டத்தில் விழாமல், இரு கட்டங்களுக்கு இடைப்பட்ட கோட்டிலே விழும். ஆகவே நடு அச்சில் வரும் வாயில், கதவு, படிக்கட்டு, சிங்காசனம் யாவும் 2 அல்லது 4 கட்ட அகலம் உடையனவாதல் வேண்டும். ஒற்றைக் கட்டக் கதவையோ மூன்று கட்ட வளைவையோ வைத்தால் அரைக் கட்டம் விலகி நிற்கும். கூரை போட்ட பின்னரே அது கண்ணை உறுத்தும். ஒற்றைக் கதவு வேண்டுவோர் கட்டடத்தின் அகலத்தையே ஒற்றைப்படையாக்கிக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி: மதிலும் வாயிலும் காவற் கோயில்களும்

1344-இல் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட இபுன் பதூதா என்னும் பயணி, அம்மன்னன் அப்போது இருந்த கடற்கரைப் பட்டினத்தை மரமதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்திருந்தனவாக எழுதியுள்ளார். இக்குறிப்பு கட்டுவோர்க்குப் பெரும் வரப்பிரசாதம். கல்மதிலின் மேல் மரவேலியை ஏற்றி, மூலைகளில் 4-க்கு 4 கட்ட மரக்கோபுரங்களை நிறுத்தினால், ஐரோப்பியக் கோட்டையின் சாயல் அக்கணமே நீங்கிவிடும்.

வாயிலை வகுக்கும்போது பலரும் பருத்தித்துறை வீதியிலுள்ள சங்கிலித்தோப்பு வளைவையே அப்படியே எடுத்தாள விழைவர். அவ்வளைவிலும், அயலிலுள்ள மந்திரி மனையிலும் ஐரோப்பியக் கட்டடக் கலையின் சாயல் தெளிவாகத் தெரிகின்றது. 1560-க்குப் பிந்திய வமிசத்துக்கு அவை பொருந்தும், முந்தியதற்குப் பொருந்தா. முற்பட்ட காலத்தைத் தேர்ந்தவர்கள், நம் ஊர் ஒழுங்கைகளிலே வீட்டு வாயிலில் சிறு கூரையிட்டு நிற்கும் சங்கடப்படலையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அல்லது பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரை வேய்ந்து நிற்கும் தெருமூடி மடத்தைப் பின்பற்றி, இருபுறமும் திண்ணையும் தூணும் வைத்து, நடுவே 4 கட்ட வழியை விட்டு, முழுவதையும் ஒரே கூரையால் மூடலாம். காத்திருப்போர் அமரத் திண்ணையும் ஆயிற்று, காவலர் நிற்க நிழலும் ஆயிற்று.

வைபவமாலை நகரின் காவலாகக் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையாரையும், தெற்கே கைலாயப் பிள்ளையாரையும், மேற்கே வீரமாகாளியம்மனையும், வடக்கே சட்டநாதர் முதலியோரையும் கூறுகின்றது. நமது காணியோ நகரத்தின் சிறு துண்டு. எனவே நான்கு மதில்களின் அருகே 3-க்கு 3 கட்ட அளவில் நான்கு சிறு மாடங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கை ஏற்றினாற் போதும். கிழக்கு மாடம் நடு அச்சை மறைக்காதபடி வாயிலுக்கு ஒருபுறமாக ஒதுங்கியிருக்கட்டும்.

நான்காம் படி: கொலுமண்டபம்

இவ்விளையாட்டில் ஒரு மாடியின் சுவருயரம் காணி முழுவதற்கும் ஒன்றே; ஓர் அறையை மட்டும் உயர்த்த இயலாது. ஆகவே கீழ்த்தளம் முழுவதற்கும் மிகத் தாழ்ந்த சுவரைத் தேர்ந்தெடுத்து, கொலுமண்டபத்துக்கு மட்டும் மேலே இன்னொரு தளச் சுவரை எழுப்பி, இடையிலுள்ள தரைக் கட்டங்களை அழித்துவிடுக. சுற்றியுள்ள கட்டடங்கள் தாழ்ந்து நிற்க, மண்டபம் ஒன்றே இருமடங்கு உயர்ந்து ஓங்கும். மேற்சுவரின் சாளரங்கள் வழியே இறங்கும் வெளிச்சம் நேரே சிங்காசனத்தின் மேல் விழும்.

மண்டபத்தின் அளவு 12-க்கு 14 கட்டத்தை மிஞ்ச வேண்டாம். தூண்களை இருவரிசையாக நிறுத்தி, மேற்குக் கோடியில் மேடைக் கருவியால் தரையை இரண்டு படி உயர்த்தி, அதன் மேல் ஆசனத்தை அமைக்க. ஆசனத்துக்குப் பின்னே சிங்கத்தையன்றி நந்தியை வையுங்கள். யாழ்ப்பாண மன்னரது நாணயங்களில் ‘சேது’ என்னும் எழுத்தோடு பொறிக்கப்பட்டது அதுவே. பொருள்களைத் தடையின்றி நெருக்கி வைக்க விரும்புவோர் ‘பிபி.மூவ்ஆப்ஜெக்ட்ஸ் ஆன்’ என்னும் ஆணையைப் பயன்படுத்தலாம். அதன் பின்னர் ஷிஃப்ட் விசையோடு வலச் சதுர அடைப்பை அழுத்தினால் சிறு சிற்பமும் பெருஞ்சிலையாக வளரும்.

மண்டபத்துக்கு வடபால் ஏட்டறை ஒன்று இன்றியமையாதது. நல்லூர் மன்னர் பெயரால் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களும், செகராசசேகரமாலை என்னும் சோதிட நூலும் எழுந்தன. அம்மரபைச் சேர்ந்த அரசகேசரி இரகுவமிசத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். ஆகவே புத்தக அலுமாரிகளோடு தொலைநோக்கி ஒன்றையும் மூலிகைச் செடிகளையும் அருகே வைத்தால், உமது இளவரசர் பெறும் கல்வியும் மரபோடு பொருந்தும்.

ஐந்தாம் படி: நாற்சார் உள்மனை

உள்மனைக்கு நம் நாற்சார் வீட்டினும் சிறந்த மாதிரி இல்லை. 16-க்கு 16 கட்டச் சதுரம் ஒன்றை வகுத்து, அதன் நடுவே 6-க்கு 6 கட்ட முற்றத்தைத் திறந்தவெளியாக விட்டு, முற்றத்தைச் சூழ 1 கட்ட விறாந்தையும், அதற்கு அப்பால் 4 கட்ட ஆழமுள்ள அறைகளும் அமைத்தால் கணக்குச் சரியாகும். கூரையை ஒரே துண்டாகப் போட முயன்றால் முற்றம் மூடுண்டுபோம். நான்கு பக்கத்துக்கும் தனித்தனியே ஒருசாய்வுக் கூரைகளை முற்றத்தை நோக்கி இறக்குக. மழைநீர் முற்றத்தில் வந்து விழும் அந்த அமைப்பே நம் வீடுகளின் உயிர்நிலை. குசினியை வடகிழக்கு மூலையிலும், கிணற்றடியை அதற்கு வெளியேயும், அரசனது பள்ளியறையை வாயிலிலிருந்து மிகத் தொலைவான தென்மேற்கு மூலையிலும் வைக்க.

ஆறாம் படி: யமுனா ஏரியும் பூங்காவும்

நல்லூரிலே இன்றும் காணத்தக்க அரசர் காலத்துச் சின்னம் யமுனா ஏரி; அது ‘ப’ வடிவமானது. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டிலே நன்னீர் நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல்லிலிருந்தே கிடைப்பதாதலின், நீர்நிலை உடைமையே அரசச் செல்வத்தின் அடையாளமாயிற்று. நீச்சற் குளக் கருவியால் 10-க்கு 8 கட்டத்தில் அவ்வடிவை வரைந்து, நீர் சூழ்ந்து நிற்கும் நடுநாவிலே ஸ்நான மண்டபத்தை எழுப்புக. கரைக்கு நீலப் பளிங்கு வேண்டாம். வெளிறிய கல்லே பொருத்தம்.

மரங்களிலே பனைக்கு நெருங்கியதைத் தேர்ந்து மதிலோரம் நெருக்கி நடுக. கட்டடமெங்கும் மூன்று நிறங்களுக்கு மேல் வராதபடி காக்க: சுண்ணாம்பு வெண்மை, பனைமரக் கருமை, கூரையின் மண்ணிறம். பந்திகளைப் பொறுத்தவரை, குதிரைகள் 2023-இல் வந்த ‘ஹார்ஸ் ராஞ்ச்’ இணைப்பிலே கிடைக்கும். யானை இல்லையாதலால், 4 கட்ட அகலமான உயர்ந்த கொட்டில்களை வெறுமையாக விட்டு, வைக்கோலும் நீர்த்தொட்டியும் மாத்திரம் வைத்தலே நயம்.

ஏழாம் படி: வாழ்ந்து பார்த்தல்

கட்டி முடிந்ததும் குடும்பத்தை உள்ளே விட்டு, விளையாட்டு நேரப்படி மூன்று நாள் தலையிடாமல் கவனிக்க. பசி, களைப்பு, தூய்மை முதலிய ஆறு தேவைகளையும் அவர்கள் தாமே தேடி நிறைவேற்றிக்கொள்வர். அப்போது வழியின் நீளம் வெளிப்படும். பள்ளியறையிலிருந்து குளியலறைக்கு 12 கட்டத்துக்கு மேல் நடக்க நேர்ந்தால் இன்னொரு குளியலறை தேவை. ஊண்மண்டபம் குசினிக்கு அடுத்ததாக இல்லாவிடில் அரசன் முற்றத்தில் நின்றபடியே உண்பான். வெளியார் உள்மனையில் புகுந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கக் காண்பீராயின், கதவைப் பூட்டும் வசதியால் அதனைக் குடும்பத்தார்க்கு மட்டும் உரியதாக்குக. முன்னே கூறிய எல்லைகளின் ஒழுங்கு மெய்யாகவே நடைமுறைக்கு வருவது இப்பூட்டினாலேயாம்.

வெளிமுற்றத்தின் தென்பாதியை முதல் தலைமுறையிலே கட்டாது விடுதலும் நன்று. 1450-இல் கோட்டை இராச்சியத்திலிருந்து வந்த செண்பகப் பெருமாள் நல்லூரைக் கைப்பற்ற, 1467-இல் நல்லூர் மன்னன் கனகசூரிய சிங்கையாரியன் அதனை மீட்டான். இத்தகைய மாற்றங்களைக் கண்ட ஊரின் அரண்மனை ஒரே நாளில் எழுந்ததுபோல் தோன்றலாகாது. மூன்றாம் தலைமுறையில் ஒரு மண்டபம், ஆறாம் தலைமுறையில் ஓர் ஐரோப்பிய வளைவு என்று பின்வந்தோர் சேர்த்துக்கொள்ளட்டும். நிறைவாக, இதனை விளையாட்டின் கலரியிலே பிறரோடு பகிரும்போது, நல்லூர் அரண்மனை இதுவே என்று எழுதிவிடாமல், நல்லூரின் எச்சங்களையும் வைபவமாலையின் பட்டியலையும் கொண்டு கற்பித்தது என்று விளக்கக் குறிப்பிலே தெளிவாகச் சொல்லிவிடுக. எது சான்று, எது கற்பனை என்று காண்போர் அறிந்துகொண்டால், அவர்களும் தத்தம் ஊரின் எச்சங்களிலிருந்து வேறோர் அரண்மனையை வகுக்கத் துணிவர்.